கண்ணாடி போட ஒரு படிப்பா?



சென்ற இதழில் கல்வி நிதியின் கணக்கை வெளியிட்டிருந்தோம். அதைப் படித்த நீண்டகால ஆதரவாளர் ஒருவர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். "நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவுவது புரிகிறது. கண்ணாடி போட்டுக் கொடுக்க நாலு வருஷப் படிப்பா? அதற்குச் சபையாரின் காணிக்கையா? அந்தப் பணத்தில் கண்புரை ஆபரேஷன் செய்தால் எத்தனை பேர் பார்வையடைவார்கள்!" என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி. மறைக்காமல் சொல்வதானால், சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தோம். அந்த நினைப்பினால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் இரண்டு வருஷம் வீணாயிற்று. அதையும் இங்கே எழுதவேண்டியிருக்கிறது. ஆகவே இம்மாதக் கற்கையை இந்தப் படிப்பைப் பற்றியதாகவே வைத்துக்கொள்ளுகிறோம்.

முதலில் பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுவோம். நம் ஊரில் கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கிற எவரும் "கண் டாக்டர்"தான். உண்மையில் கண் மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் கண் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு முடித்தவர். கத்தி எடுப்பவர் அவரே. ஆப்டோமெட்ரிஸ்ட் அறுவை செய்வதில்லை. பார்வையை அளப்பது, எந்தக் கண்ணாடி என்று முடிவு செய்வது, காண்டாக்ட் லென்ஸ் பொருத்துவது, மாறுகண்ணையும் சோம்பேறிக்கண்ணையும் கண்டுபிடிப்பது, கண் நீர் அழுத்த நோயும் சர்க்கரை நோயினால் வரும் விழித்திரைப் பாதிப்பும் இருக்கலாம் என்று சந்தேகித்து நேரத்தோடு மருத்துவரிடம் அனுப்புவது ஆகியவை அவருடைய வேலை. கண் மருத்துவ உதவியாளர் என்போர் இரண்டாண்டு டிப்ளமா படித்து, அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பணிசெய்கிறவர்கள். ஆப்டிஷியன் என்பவர் சீட்டில் எழுதியுள்ள அளவுக்கு லென்ஸை அறுத்து பிரேமில் பொருத்தித் தருகிறவர். நால்வரும் தேவை. ஒருவரை இன்னொருவர் என்று எண்ணுவதில்தான் சங்கடம் வருகிறது.

நம் மாவட்டத்தில் இந்த இரண்டாம் நபருக்கு என்ன வேலை? 1922-ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், ஆகவே அச்சகம் வந்தது. மருந்து கலக்கக் கை பழகிற்று, ஆகவே பட்டாசு வந்தது. மூன்று தொழிலும் வெவ்வேறு போலத் தோன்றினாலும், மூன்றுமே கைக்கெட்டும் தூரத்தில் கண்ணை ஊன்றிச் செய்யும் வேலை. குழாய்க்குள் திரி வைப்பதும், சரம் பின்னுவதும், லேபிள் ஒட்டுவதும், காலண்டர் தாளில் நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாய் விழுந்திருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்ப்பதும் அப்படிப்பட்டவையே. இங்கே கண் தளர்ந்தால் கூலி தளரும்.

வெடிவிபத்து நடந்தால் நாடு முழுவதும் நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் மாண்ட நாளை நம்மில் எவரும் மறக்கமாட்டோம். ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு தாயார் ஓசையில்லாமல் பார்வை இழப்பதைப் பற்றிப் பத்திரிகையில் எவரும் எழுதுவதில்லை. அதற்குத் தமிழில் அழகான பெயர் இருக்கிறது: வெள்ளெழுத்து. எழுத்து கருமை இழந்து வெளிறித் தெரிகிற நிலை. இது நோயல்ல. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகிப்போகிறது. பத்து வயதுப் பிள்ளையின் லென்ஸ் தன் சக்தியைப் பத்து டயாப்டருக்கு மேலும் கூட்டிக்கொள்ளும். அறுபது வயதில் ஒரு டயாப்டர் கூட்டினாலே அதிகம். ஒரு முழத்துக்குக் குறைந்த தூரத்தில், அதாவது 40 சென்டிமீட்டரில் உள்ளதைத் தெளிவாகப் பார்க்க இரண்டரை டயாப்டர் வேண்டும். இல்லாத மீதத்தைக் கண்ணாடி கொடுக்கவேண்டும். காரியம் இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்றாலும், 2019-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, வெள்ளெழுத்துக்குக் கண்ணாடியில்லாமல் இருப்போர் உலகில் 82 கோடிக்கு மேல். அசாமில் தேயிலை பறிக்கும் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வொன்று 2018-இல் வெளிவந்தது. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கிட்டத்தில் பார்க்கும் கண்ணாடி கொடுத்தபோது, கண்ணாடி பெறாதவர்களைவிட அவர்கள் பறித்த இலையின் அளவு ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. கூலி எடைக்குத்தகுந்தபடி. தேயிலைக்கே அப்படியானால் திரிக்கு எப்படி என்று நாங்கள் யோசித்ததுண்டு.

யோசித்ததோடு நிற்காமல் கண்ணாலே கண்டதும் உண்டு. திருத்தங்கலுக்கு அருகே ஒரு கிராமத்தில் நமது மருத்துவமனை நடத்திய முகாமுக்கு, நாற்பத்தெட்டு வயதான ஒரு தாயார் வந்தார். திரி வைக்கும் வேலை. சந்தையில் வாங்கிய ரெண்டரை பவர் கண்ணாடி ஒன்றைக் கையில் வைத்திருந்தார். "இதப் போட்டா சீட்டுல எழுத்து தெரியுது ஐயா. வேலைக்கு ஒக்காந்தா தெரியல. குனிஞ்சு குனிஞ்சு கழுத்து போச்சு. கண்ணு அவிஞ்சு போகுதோன்னு பயமா இருக்கு" என்றார். வரிசை நீளமாயிருந்தது. யாராயிருந்தாலும் அட்டையை வாசிக்கச் சொல்லி, வாசித்துவிட்டால் "சரியாத்தான் இருக்கு" என்று அனுப்பியிருப்பார்கள். பயிற்சிக்கு வந்திருந்த ஆப்டோமெட்ரி மாணவி அப்படிச் செய்யவில்லை. "அக்கா, வேலை செய்யும்போது எப்படி உக்காருவீங்க? கீழ உக்காந்து காட்டுங்க" என்றாள். அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து, முன்னால் தட்டு இருப்பதாகப் பாவித்துக் கையை நீட்டினார். மாணவி டேப்பை எடுத்து மூக்கிலிருந்து விரல்வரை அளந்தாள். 55 சென்டிமீட்டர்.

ரெண்டரை பவர் கண்ணாடியில் 40 சென்டிமீட்டருக்கு அப்பால் உள்ளதெல்லாம் கலங்கும். அது ஒளியியலின் சட்டம். ஆகவேதான் அந்தத் தாயார் தெளிவு கிடைக்கும் தூரத்துக்குக் குனிந்துகொண்டே இருந்திருக்கிறார். மாணவி பவரைக் கூட்டவில்லை, ஒன்றேகாலாகக் குறைத்தாள். மருத்துவர் பார்த்துச் சரி என்றார். அந்த அம்மாள் புதிய கண்ணாடியோடு மறுபடியும் தரையில் உட்கார்ந்து, இல்லாத குழாயில் இல்லாத திரியை வைத்துப் பார்த்துவிட்டு, முதுகை நிமிர்த்தினார். கடிதம் எழுதிய அன்பருக்கு எங்கள் முதல் பதில் இது. கண்ணாடியை விற்க நாலு வருஷம் வேண்டாம். எந்தக் கண்ணாடி என்று அறிய வேண்டும்.

பெத்சாயிதாவில் குணமான குருடனைப் பற்றி மாற்கு எட்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். முதல் தொடுதலுக்குப் பின் அவனுக்குப் பார்வை வந்தது, தெளிவு வரவில்லை. ஆண்டவர் அவனிடமே என்ன தெரிகிறது என்று விசாரித்து, இரண்டாம் முறை தொட்டார். கண் பரிசோதனை அறையில் நாள் முழுதும் கேட்கிற கேள்வி அதுவே என்பது, அந்த முகாமுக்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. முப்பது வருஷம் அந்தப் பகுதியைப் பிரசங்கித்திருக்கிறோம்!

பேசத் தெரியாத குழந்தையிடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. அதற்கு ரெட்டினாஸ்கோப் என்ற சிறு கருவி உண்டு. இருட்டறையில் அதன் ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் செலுத்தி மெல்ல அசைக்கிறார்கள். விழித்திரையிலிருந்து சிவப்பாய்த் திரும்பிவரும் ஒளி, கீற்றோடு சேர்ந்து நகர்ந்தால் பிளஸ் லென்ஸ் வைத்துப் பார்க்கிறார்கள். எதிராக நகர்ந்தால் மைனஸ். அசைவே இல்லாமல் கண்மணி முழுதும் ஒரேயடியாக ஒளிரும் வரையில் லென்ஸ் மாற்றி, பிறகு நின்று பார்த்த தூரத்துக்காக ஒரு கணக்குக் கழிக்கிறார்கள்; 67 சென்டிமீட்டரில் நின்றால் ஒன்றரை டயாப்டர். குழந்தை ஒரு வார்த்தை பேசாமலே அதன் பவர் தெரிந்துவிடுகிறது. இதைப் புத்தகத்தில் படித்து வராது. இறையியல் கல்லூரியில் கிரேக்க வினைச்சொற்களை நாங்கள் உருப்போட்டதுபோல், நூற்றுக்கணக்கான கண்களில் பழகவேண்டும். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமுள்ள பிள்ளையை ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்துக் கண்ணாடி போடாவிட்டால், மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளாமலே போய்விடுகிறது. பிறகு கண்ணாடி போட்டும் முழுப் பலன் கிடைப்பது அரிது. ஆபரேஷனும் அதைத் திருப்பித் தராது.

இந்தச் சேவையில் நம் பகுதிக்குப் பழைய சரித்திரம் உண்டு. திருச்சியில் ஜோசப் கண் மருத்துவமனை 1934 முதல் இருந்துவருகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஷெல் கண் மருத்துவமனையையும், அங்கிருந்து கிராமங்களில் முகாம் நடத்திய டாக்டர் விக்டர் ராம்போவையும் மூத்த வாசகர்கள் அறிவார்கள். ஆனால் நம் பிள்ளைகளுக்கு நாங்கள் அதிகமாய்ச் சொல்லுவது, எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமியைப் பற்றித்தான். அவர் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் முதலில் வேதியியல் பட்டம் பெற்றார். பிறகு சென்னை ஸ்டான்லியில் மருத்துவம். பிரசவ மருத்துவராக வேண்டும் என்று விரும்பியவரை முடக்குவாதம் படுக்கையில் தள்ளிற்று, விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகிக் கண் மருத்துவரானார். அரசுப் பணியில் ஓய்வுபெற்றபின், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து, இரண்டாண்டு பயிற்சி கொடுத்து, பார்வை அளப்பது முதல் ஆபரேஷன் தியேட்டரில் உதவுவதுவரை அவர்கள் கையில் ஒப்புவித்தார்கள். மருத்துவர் அறுவையில் மட்டும் கவனம் செலுத்த முடிந்தது அதனாலேதான். ஆபரேஷனா, கண்ணாடியா என்று எதிர்எதிராய் நிறுத்திக் கேட்பவர்களுக்கு அந்த மருத்துவமனையே பதில்.

நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தமிழ்நாட்டில் தொடங்கியது சென்னை சங்கர நேத்ராலயாவின் எலைட் ஸ்கூல் ஆப் ஆப்டோமெட்ரி, 1985-இல். நம் மாவட்டம் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து உருவான வருஷமும் அதுவே. பிளஸ் டூ தேர்ச்சியில் நம் மாவட்டம் நெடுங்காலம் மாநிலத்தில் முதலிடம் வகித்தது. ஆனால் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளின் பெற்றோருக்கு இஞ்சினியரிங், நர்சிங், டீச்சர் டிரெயினிங் தவிர வேறு பெயர் தெரிந்ததில்லை. போதகர்களுக்கு மட்டும் தெரிந்ததா என்ன!

அப்படித்தான் அந்தத் தவறு நேர்ந்தது. முகாமில் டேப் வைத்து அளந்த மாணவியைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? அவள் தகப்பனார் பட்டாசு ஆலையில் லோடு ஏற்றுபவர். அவள் பிளஸ் டூ முடித்த ஜூன் மாதத்தில், தாயார் மதிப்பெண் பட்டியலோடு எங்களிடம் வந்து, "பாப்பாவ என்ன படிக்க வைக்கலாம், நீங்களே சொல்லுங்க ஐயா" என்றார். ஒரு நிறுவனம் அனுப்பிய துண்டுப்பிரசுரம் எங்கள் மேஜைமேல் கிடந்தது. ஆப்டோமெட்ரி, இரண்டே வருஷம், பட்டத்துக்குச் சமம், வேலை உறுதி என்று அதில் அச்சிட்டிருந்தது. "கண்ணாடிப் படிப்புதானே, இது போதும்" என்று சொல்லி, உங்கள் காணிக்கையிலிருந்து பாதிக் கட்டணத்தையும் கொடுத்தோம். மீதிக்குத் தாயார் கம்மலை அடகு வைத்தார். இரண்டு வருஷம் கழித்து அவள் சான்றிதழோடு வேலைக்குப் போனபோது, அதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரமும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ரெட்டினாஸ்கோப்பை அவள் கையால் தொட்டதே இல்லை. நாங்கள் ஒரு தபால் அட்டை எழுதி விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். விசாரிக்கவில்லை.

அவள் அழவில்லை, தாயார்தான் அழுதார். மறுவருஷம் அவள் முறையான கல்லூரியில் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கினாள். அந்தக் கட்டணம் முழுவதையும் கல்வி நிதி ஏற்றுக்கொண்டது. சென்ற இதழில் அன்பர் கண்ட தொகை அதன் கடைசித் தவணை. முதல் பிழைக்கு உங்களுக்கு நாங்கள் கணக்குக் கொடுக்காமல் இருந்தோம். இப்போது கொடுக்கிறோம்.

ஆகவே உங்கள் சபைகளில் இப்படிப்புக்கு விரும்பும் பிள்ளைகள் இருந்தால், பத்தாம் வகுப்பு முடியும்போதே பேசுங்கள். பதினொன்றில் இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள பிரிவை எடுக்கவேண்டும். சிவகாசிப் பக்கம் கடை, அச்சகம் என்று எண்ணிப் பலர் வணிகவியலில் சேர்ந்துவிடுகிறார்கள். கதவு அங்கேயே சாத்திக்கொள்ளுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் ஒளியியல் பாடங்களைத் தேர்வுக்காக மட்டும் படித்துத் தள்ளிவிடவேண்டாம். லென்ஸ் சூத்திரமும் டயாப்டரும் அடுத்த நாலு வருஷமும் கூடவே வரும். கணக்குக்குப் பயப்படுகிற பிள்ளை முதலாண்டில் திணறும்.

அமெரிக்காவிலுள்ள உறவினர் சொல்வதைக் கேட்டுச் சிலர் குழம்புகிறார்கள். அங்கே இது வேறு வழி. முதலில் கல்லூரியில் உயிரியல், வேதியியல், இயற்பியல், புள்ளியியல் போன்றவற்றைப் படித்து, ஓ.ஏ.டி. என்னும் நுழைவுத்தேர்வு எழுதி, அதன்பின் நாலாண்டு ஆப்டோமெட்ரி டாக்டர் படிப்பு. நம் நாட்டில் பிளஸ் டூ முடித்தவுடனே சேரலாம். இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த பிள்ளையும் பொதுவாக முதலாண்டிலிருந்துதான் தொடங்கவேண்டும். ஆகையால் ஒரு பட்டம் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது இங்கே லாபமில்லை.

வழக்கமாக முதலாண்டில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், வடிவ ஒளியியல். பின்னர் கண்ணின் அமைப்பு, கருவிகள், நோய்கள், காண்டாக்ட் லென்ஸ், இருகண் பார்வை, குறைபார்வையாளருக்கான உதவிகள். கடைசி ஓராண்டு மருத்துவமனையில் பயிற்சி. பட்டாசு வெடித்துக் கருவிழி தழும்பேறியவர்களுக்குச் சாதாரணக் கண்ணாடியால் ஆகாததைச் சில வேளை கடின வகைக் காண்டாக்ட் லென்ஸ் செய்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் இந்தப் பாடத்தைக் கூர்ந்து படிப்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம். படிப்புக்கு வெளியே இரண்டு பழக்கம் வேண்டும். முதியோரிடம் பொறுமையாய்ப் பேசுவது ஒன்று, "இதுவா, அதுவா, எது தெளிவு?" என்று ஐம்பதாவது ஆளிடமும் எரிச்சலில்லாமல் கேட்கவேண்டும். மற்றது ஆங்கில வாசிப்பு, ஏனெனில் பாடநூல்கள் ஆங்கிலத்தில்.

அங்கீகாரம் பற்றி இப்போது நாங்கள் கண்டிப்பாயிருக்கிறோம். 2021-ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த தேசிய இணை சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டத்தில் ஆப்டோமெட்ரியும் சேர்க்கப்பட்டுள்ளது. படிப்புக்கும் பதிவுக்கும் ஒரே ஒழுங்கு ஏற்பட இது வழி. பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் எது, அதன் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர் உண்டா, பயிற்சி எந்தக் கண் மருத்துவமனையில் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகே கல்வி நிதியிலிருந்து காசோலை போகும். சேர்க்கை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. அந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் பார்க்காமல், போன வருஷம் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னதை நம்பவேண்டாம்.

அந்த மாணவி பயிற்சி ஆண்டை முடித்துவிட்டாள். நகரத்தில் கண்ணாடிக் கடைத்தொடர் ஒன்றில் நல்ல சம்பளத்துக்கு அழைப்பு வந்தது. போனாலும் குறை சொல்லியிருக்க மாட்டோம். வாரத்தில் ஐந்து நாள் நமது புறநோயாளர் பிரிவிலும், சனிக்கிழமைகளில் கிராம முகாம்களிலும் இருக்கிறாள். தாயாரின் கம்மல் முதல் மாதச் சம்பளத்திலேயே மீட்கப்பட்டது. முகாமுக்குப் போகும் பையில் அட்டையும் லென்ஸ் பெட்டியும் ரெட்டினாஸ்கோப்பும் இருக்கின்றன. தையற்காரர் டேப் ஒன்றும் இருக்கிறது.

வருகிற கல்வியாண்டுக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன, ஒன்று சாத்தூரிலிருந்து, ஒன்று வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து. மேற்படி மூன்று கேள்விகளையும் கல்லூரிகளுக்கு அனுப்பியிருக்கிறோம். பதில் வந்ததும் அடுத்த இதழில் தெரிவிப்போம்.